பானெட்டின் நடுவே ஒரு டேப்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் மனைவி நலம். என் முழங்கால் சுமார். வண்டி பாதி நலம். அங்கே தாங்களும் அண்ணியும் முழு நலத்துடன் இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டிருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகத் தங்களிடமிருந்து போன் வராததால் வேறு வழியில் அறிய இயலவில்லை.

இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாங்கள் கூப்பிடுவீர்கள். என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பீர்கள், நான் சொல்வேன், உங்களுடையது அதைவிடக் குறைவு என்று சொல்வீர்கள். பிறகு இந்த வாரம் யார் யார் காலமானார்கள் என்ற பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வைத்துவிடுவோம். பெரிய விஷயம் எதையும் நாம் பேசியதாக நினைவில்லை. ஆனாலும் பத்து மணி என்று ஒன்று இருந்தது. இப்போதும் ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கு நான் சட்டை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருகிறேன். பத்தேகாலுக்கு அவள் வந்து, "சட்டைய கழட்டுங்க, கசங்கிடும்" என்கிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன். மூன்று முறையும் அண்ணிதான் எடுத்தார். "அவர் குளிக்கிறார் தம்பி" என்றார். ஒரே காலையில் பத்தரைக்கும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் தாங்கள் குளித்திருக்கிறீர்கள். இந்த வயதில் சளி பிடித்தால் விடாது. பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. வரும் ஞாயிறு பத்து மணிக்குப் போன் அடிக்க வேண்டும். அதற்காக நான் கொடுக்கக்கூடியது என்னவோ அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நேராகக் கடைசிக்குப் போய்விடாதீர்கள். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நடுப்பக்கங்களை யாரும் படிப்பதில்லை, பிழையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நம் அப்பா நில அளவையராக இருந்து ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் கறுப்புக் காரைப் பற்றி மட்டும் 'மக்கள் இருவருக்கும் பொது, சரிபாதி' என்று ஒரே வரி எழுதி வைத்துவிட்டுப் போனார். சக்கரம் உள்ள ஒன்றை எப்படிப் பாதியாக்குவது என்று அவர் எழுதவில்லை. ஆறு மாதம் தங்களிடம், ஆறு மாதம் என்னிடம் என்ற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் தாங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழகிய கை என்பதால், ஒவ்வொரு முறை வண்டி கைமாறும்போதும் ஒரு பட்டியல் தயாரிப்பீர்கள். 'பின் இருக்கையில் குடை ஒன்று, கைப்பிடி இல்லை. முன்புறப் பெட்டியில் டார்ச் ஒன்று, எரியாது.' அதன் கீழே இருவரும் கையெழுத்து. எரியாத அந்த டார்ச்சுக்கு நாம் ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டு வருகிறோம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. இப்படியே ஒன்பது வருடம் சண்டை இல்லாமல் போயிற்று என்பதற்காகச் சொல்கிறேன். கெட்டது நான் வண்டியைக் கழுவியதால்.

ஒன்றாம் தேதி வண்டியைத் தங்களிடம் ஒப்படைக்கும் முறை வந்ததல்லவா, அழுக்கோடு கொடுக்க வேண்டாமே என்று அதற்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டுமாக இறங்கினேன். எதிர்வீட்டு வண்டிக்கு மெஷின் பாலிஷ் போட ஓர் ஆள் வந்திருந்தார். தெருவே அவரை 'மைக்ரான்' என்று கூப்பிடுகிறது, ஏனென்றால் அவர் வாயிலிருந்து அந்த அளவு வராத வாக்கியமே கிடையாது. மனிதத் தலைமுடி எழுபது மைக்ரான் கனமாம். கார் மேல் உள்ள மொத்தப் பூச்சும் ஒன்றரை முடிக் கனம்தானாம். அதிலும் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதாம், பளபளப்பு முழுக்க அந்த ஒன்றில்தானாம். அதைத்தான் நாமெல்லாம் பழைய துண்டால் தேய்க்கிறோம், தேய்க்கிற பாவம் தெரியாமல் தேய்க்கிறோம் என்பது அவர் கொள்கை. அவர் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார்.

"சார், அந்தத் துணிய கீழ போடுங்க."

போட்டேன். பிறகு எடுத்தேன்.

"ஐயோ, கீழ விழுந்தத எடுத்து மறுபடி வண்டியில வைக்கறீங்களே. அதுல மண்ணு இருக்கு சார்."

"நீங்கதானே போடச் சொன்னீங்க?"

"போடத்தான் சொன்னேன். எடுக்கச் சொன்னேனா?"

அடுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து பானெட்டின் மேல் அடித்தார். அண்ணா, பானெட் முழுவதும் வட்ட வட்டமாக, சிலந்தி வலை கட்டியது போல, ஆயிரக்கணக்கில் மெல்லிய கீறல்கள். "என்ன இது?" என்றேன். "நீங்க பண்ணது" என்றார். ஒன்பது வருடமாக அதே பானெட்டைப் பார்த்து வந்திருக்கிறேன், ஒன்று கூடக் கண்ணில் பட்டதில்லை. பார்த்த பிறகோ வேறெதுவும் கண்ணில் படவில்லை. அச்சகத்தில் புத்தகம் கட்டி முடித்து அனுப்பிய பிறகு முதல் பக்கத்தில் ஒரு பிழையைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் இரங்கி, "ஒரு பாதி மட்டும் சும்மா பண்ணிக் காட்டறேன் சார். பிடிச்சா மீதியப் பண்ணலாம். பிடிக்கலன்னா அப்படியே விட்டுடலாம்" என்றார். அப்படியே விட்டுவிடலாம் என்ற அந்த இரண்டு சொற்களில்தான் நான் ஏமாந்தேன். பாதி திருத்திய பக்கத்தை அப்படியே விட்டவன் உலகத்தில் உண்டா?

நுரை போட்டுக் கழுவினார். நீல நிறத்தில் களிமண் மாதிரி ஒன்றைப் பிசைந்து பிசைந்து தடவி, கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த தூசியை எடுத்தார். பானெட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு காகித டேப்பை ஒட்டினார். ரப்பர் விளிம்புகளுக்கும் ஒட்டினார். பிறகு மெஷினில் பஞ்சு வட்டை மாட்டி, முதலில் காம்பவுண்டு என்கிற முரட்டுப் பசை, அதன் பிறகு மென்மையான ஒன்று என்று, ஒன்றரை அடிச் சதுரமாக நெடுக்கே நாலு தடவை குறுக்கே நாலு தடவை ஓட்டினார். அவசரமே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு விலகி நின்றார். டேப்புக்கு ஒரு பக்கத்தில் மேகம் போய்க்கொண்டிருந்தது. மின்கம்பி தெரிந்தது, கம்பியில் ஒரு பறவை, பறவையின் அலகு. மறு பக்கத்தில் நாம் இத்தனை காலம் கறுப்பு என்று நம்பி வந்த நிறம் இருந்தது. அது கறுப்பு இல்லை அண்ணா. கறுப்பைப் பற்றிய வதந்தி.

அவள் வெளியே வந்து பார்த்தாள். "என்னங்க இது, ஒரு பக்கம் மட்டும் தலை சீவிவிட்ட மாதிரி நிக்குது?" என்றாள். மைக்ரான் மறு பாதிக்கு மெஷினைத் தூக்கிவிட்டார். நான்தான் நிறுத்தினேன். பொதுச் சொத்து, அண்ணனை ஒரு வார்த்தை கேட்காமல் முழுவதும் செய்வது முறையல்ல, ஞாயிற்றுக்கிழமை எப்படியும் போன் வரும், கேட்டுவிட்டுச் செய்யலாம், அதுவரை அடையாளத்துக்கு டேப் இருக்கட்டும் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த முறையான காரியங்களிலேயே இந்த அளவுக்குச் சேதம் விளைவித்தது வேறு கிடையாது.

அந்த ஞாயிறு பேசியது தங்களுக்கு நினைவிருக்கும். இருந்தாலும் என் தரப்பில் காதில் விழுந்ததை எழுதிவிடுகிறேன். பாதி பானெட்டுக்கு பாலிஷ் போட்டிருக்கிறது, நடுவே அடையாளத்துக்கு டேப் இருக்கிறது, மீதியையும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "எந்தப் பாதி?" என்றீர்கள்.

"ஓட்டற பக்கம்ணா."

தங்கள் வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது.

"ஓட்டற பக்கம் யாருதுடா?"

பக்கங்களுக்கு ஆள் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "பொதுதானேண்ணா?" என்றேன்.

"பொதுன்னா? பெரியவன் எந்தப் பக்கம் உக்காருவான்? அப்பா இருந்தப்ப, அவர விட்டா வேற யாரு ஓட்டினா? நீ எங்க உக்காருவ?"

"பின்னாடிண்ணா."

"அதச் சொல்லு."

அப்போது பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அண்ணி மெதுவாகப் பேசினால் எனக்குத் தெளிவாகக் கேட்கும். "நம்ம பாதியில தேச்சுப் பழகிக்கிட்டு, அவங்க பாதிய நல்லாப் பண்ணிக்கலாம்னு இருக்கும். கேளுங்க" என்றார். நான் பதறிப்போய், "அப்படியெல்லாம் இல்லண்ணா, இன்னிக்கே எங்க பாதியையும் பண்ணச் சொல்லிடறேன்" என்றேன். கவனியுங்கள். 'எங்க பாதி' என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ஒரு பானெட் இரண்டு வீடாகப் பிரிந்தது அந்த இடத்தில்தான். அப்பா ஒன்பது வருடத்துக்கு முன் செய்யாமல் விட்டுப் போனதை நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் செய்து முடித்தேன். உடனே நீங்கள், "ஓ, அப்ப உங்களுது புத்தம் புதுசா இருக்கும், எங்களுது முன்னமே தேச்சதா இருக்கும், அப்படித்தானே? ஒண்ணையும் தொடாத. டேப்ப எடுக்காத. நான் எழுத்துல தர்றேன்" என்று வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு ரத்த அழுத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் தடவையாக உங்களுடையது அதிகமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பதிவுத் தபால் வந்தது. நன்றாக எழுதியிருந்தீர்கள். ஒரு பிழை இல்லை, இரண்டு முறை பார்த்தேன். தங்கள் அனுமதியின்றித் தங்கள் பாதியிலிருந்து நாலு மைக்ரான் (இந்தக் கணக்கை எங்கே விசாரித்தீர்களோ) சுரண்டப்பட்டிருக்கிறது என்பதும், அதை மீண்டும் ஏற்ற வேண்டும் அல்லது என் பாதியிலும் சமமாகச் சுரண்ட வேண்டும் என்பதும், ஆனால் முடிவாகும்வரை எதையும் சுரண்டக் கூடாது என்பதும், வண்டியை இடம் மாற்றக் கூடாது என்பதும் விளங்கின. 'டேப் அகற்றப்படின் எல்லை யாதெனப் பின்னர் நிறுவ இயலாது' என்ற வாக்கியத்தை நான் மைக்ரானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், அது எல்லை இல்ல சார். டேப்பு. வேல முடிஞ்சதும் எடுத்துடணும். வெயில்ல விட்டா பசை இறங்கிடும், அப்புறம் கோடு விழும்."

"அண்ணன் சம்மதிக்கணும்."

"உங்க அண்ணன் என்ன வேல பாத்தார்?"

"பத்திரப் பதிவு. ரிட்டயர் ஆயிட்டார்."

"உங்கப்பா?"

"நில அளவை."

"அது சரி" என்று எழுந்தார். "நான் வேற வீட்டுல டேப்பு ஒட்டியிருக்கணும்."

அன்றிலிருந்து அந்த மனிதர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை கேட் அருகில் வந்து நிற்கிறார். "பாதி முகம் சவரம் பண்ணி ஓர் ஆள தெருவுல விட்ட மாதிரி இருக்கு சார். இத யாரு பண்ணதுன்னு கேக்கறாங்க. என் பேரச் சொல்றாங்க. பாதி பண்ணவன்னு சொல்றாங்க சார்" என்கிறார். எனக்குத் தெரிந்து, இந்த விவகாரத்தில் எந்தப் பங்கும் கேட்காமல் துன்பப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட்டீர்கள். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. நேரில் பார்வையிட ஆள் அனுப்புகிறேன் என்றீர்கள். செவ்வாய்க்கிழமை தங்கள் பழைய அலுவலக நண்பர், எதையும் முத்திரை குத்தி முடிப்பார் என்பதால் முத்திரை என்று நாம் கூப்பிடுவோமே, அவர் வந்தார். தண்ணீர் கொடுத்தேன், பார்வையிட்ட பிறகுதான் குடிப்பேன் என்றார். அளக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவள் தையல் பெட்டியிலிருந்து நாடாவைக் கொடுத்தாள். ரவிக்கைக்கு அளவு எடுக்கிற நாடாவை அவர் பானெட்டின் மேல் வைத்துக் குனிந்தபோது தெருவில் போன நாலு பேர் நின்றார்கள். மைக்ரானும் வந்து சேர்ந்தார்.

"ஓட்டற பக்கம், விளிம்புலருந்து டேப் வரைக்கும் அறுபத்தொண்ணு" என்று உரக்கச் சொன்னார் முத்திரை. பிறகு இந்தப் பக்கம் வந்தார். "அறுபத்தி மூணு." நாடாவைச் சுருட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அப்பா உயிரோடு இருந்து பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார். "பெரியவருக்கு ரெண்டு சென்டிமீட்டர் குறையுது."

மைக்ரான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சார், அது கண் மதிப்புல ஒட்டினது! பாதின்னா அளந்த பாதி இல்ல, சும்மா பாக்கறதுக்குப் பாதி!"

"பாக்கறதுக்குப் பாதின்னு எந்தப் பத்திரத்துலயும் நான் பாத்ததில்ல" என்றார் முத்திரை. அவரை மேலும் குழப்பிவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, மைக்ரான் பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டரை எடுத்து இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினார். பாலிஷ் போட்ட தங்கள் பாதி நூற்றுப்பன்னிரண்டு. போடாத என் பாதி தொண்ணூற்றொன்பது. இது எப்படி என்று எல்லோரும் அவரையே பார்த்தோம். "இந்தப் பக்கத்தையே யாரோ வருஷக்கணக்கா தேச்சிருக்காங்க" என்றார். அப்பா காரை எப்போதும் ஓட்டும் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, மறு பக்கக் கதவு வழியாக நகர்ந்து இறங்குவார். சுவர்ப் பக்கம் போக முடியாது. கைக்கு எட்டிய பக்கத்தை மட்டும் பதினாறு வருடம் தினமும் துடைத்திருக்கிறார். அந்த வகையில் அகலத்தில் தங்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு, கனத்தில் எனக்குப் பதின்மூன்று மைக்ரான் குறைவு. முத்திரை இரண்டையும் குறித்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு, நாடாவை மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாடாவைத் திருப்பி அனுப்பச் சொல்லவும். அவள் கேட்கிறாள்.

நான் அந்தப் பதின்மூன்று மைக்ரானைப் பற்றித் தங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்தவரிடம் கனத்தைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்று விட்டுவிட்டேன். பேசியது அவள். எனக்குத் தெரியாமல் மறுநாள் அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் மாடியிலிருந்து இறங்கும்போது பாதிப் பேச்சு காதில் விழுந்தது.

"இல்லக்கா, சந்தோஷம்தான். உங்க பாதி தடிப்பா இருக்காம், அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்... அகலம் குறஞ்சா என்னக்கா, கனத்துல வந்துடுச்சில்ல?... நான் எதுக்குக் குத்திக் காட்டப் போறேன், எங்களுது ஏற்கனவே தேஞ்சு போனது... சின்னவங்களுக்குத் தேஞ்சதுதான் வரும், அது தெரிஞ்சதுதானேக்கா."

ஒருவர் மாத்திரையின் பெயரை மற்றவர் மனப்பாடமாக வைத்திருந்த இரண்டு பெண்கள். அன்றோடு முடிந்தது. அந்த வாரத்திலிருந்துதான் தாங்கள் ஞாயிறு காலையில் குளிக்கத் தொடங்கினீர்கள்.

அதன் பிறகு நடந்தது ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காததுதான் களைப்பாக இருக்கிறது. இதற்கிடையே ஒன்றாம் தேதியும் வந்து போயிருந்தது. தங்கள் கடிதப்படி வண்டியை நகர்த்தக் கூடாது என்பதால் நகர்த்தவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. முழங்காலுக்கு வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் பேருந்தில் போகிறேன். நின்றுகொண்டுதான் போகிறேன். வீட்டில் ஒரு கார் நிற்கிறது, நானும் நிற்கிறேன், என்ன வித்தியாசம் என்றால் அதன் மேல் வெயில் படக் கூடாது என்று கவலைப்பட ஒருவர் இருக்கிறார். டேப் மஞ்சளாகி ஓரங்கள் சுருண்டுவிட்டன. ஒரு பூனை தினமும் மத்தியானம் அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறது, தலை தங்கள் பாதியில், வால் என் பாதியில். விரட்டுவதற்கு இருவர் சம்மதமும் தேவைப்படும் என்பதால் விரட்டவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் கேட்கிறார்கள். முதலில் முழுக்கதையும் சொன்னேன். பிறகு பாதிக் கதை சொன்னேன். இப்போது "குடும்ப விஷயம்" என்கிறேன், பெரிய ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் போய்விடுகிறார்கள்.

அண்ணா, எனக்கு அறுபத்தெட்டு. தங்களுக்கு எழுபத்து மூன்று. நேற்று உட்கார்ந்து, இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று சும்மா ஒரு கணக்குப் போட்டேன். தாராளமாகத்தான் போட்டேன். வந்த எண்ணைப் பார்த்த பிறகு, அதில் மூன்றை ஒரு பானெட்டுக்காக விட்டுவிட்டோம் என்பது எனக்கு நன்றாகப் படவில்லை. பேசுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ரத்த அழுத்தமும் இறந்தவர்கள் பட்டியலும்தான். ஆனால் அந்த ஒன்றுமில்லாததை வேறு யாரிடம் பேசுவது? இவளிடம் என் ரத்த அழுத்தத்தைச் சொன்னால் உப்பைக் குறைக்கிறாள். தாங்கள் ஒருவர்தான் சொன்னதைக் கேட்டுவிட்டு எதையும் குறைக்காமல் இருப்பவர்.

எனவே முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். என் பாதியையும் தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபத்து மூன்று சென்டிமீட்டரும் தங்களுடையது, தொண்ணூற்றொன்பது மைக்ரானும் தங்களுடையது. பின் கதவுகள், கூரை, டிக்கி, சக்கரம் நாலு, உபரி ஒன்று, எதிலும் எனக்கு இனிப் பாத்தியதை இல்லை. பேட்டரி மாற்றி வைக்கிறேன். ஆளை அனுப்பினால் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். டேப்பைத் தாங்களே நேரில் பிய்த்துக்கொள்ளலாம், நான் அறைக்குள் போய்விடுகிறேன். வண்டி இல்லாத வீட்டில் வண்டியைப் பற்றிச் சண்டை வராது. எனக்கு வேண்டியது பத்து மணிக்கு ஒரு போன். குளித்துவிட்டே கூப்பிடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் என் மனைவியின் மௌனத்தையும் தெரிவிக்கவும். மௌனம் முன்பைவிடச் சற்று இளகியிருக்கிறது. முத்திரையைக் கேட்டதாகச் சொல்லவும், நாடாவையும் கேட்டதாகச் சொல்லவும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் நின்ற இடத்திலிருந்தே தங்கள் பாதம் பணிகிறேன், முழங்கால் மடங்குவதில்லை.

என்றும் தங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி

பின்குறிப்பு: மேலே கண்ட அனைத்தையும் ரத்தாகக் கருதவும்.

கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு தபாலில் சேர்க்க வெளியே வந்தேன். சாயங்காலம் நாலு மணி. காலையில் நான் எழுத உட்கார்ந்ததும் இவள் கேட்டுக்குப் போய் மைக்ரானைக் கூப்பிட்டு, "அவரு அண்ணனுக்குக் கடிதாசி எழுத உக்காந்துட்டார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டார். நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லியிருக்கிறாள். என் அறைக்கு வெளியே ஆறு மணி நேரம் மெஷின் ஓடியிருக்கிறது. நான் தங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

அண்ணா, முழு வண்டியும் முடிந்துவிட்டது. பானெட், கதவுகள், கூரை, டிக்கி, எல்லாம். டேப் இல்லை. பசையை ஏதோ போட்டு எடுத்து அந்த இடத்தையும் தேய்த்துவிட்டாராம். உற்றுப் பார்த்தால் நூலிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது என்று அவர் வருத்தப்படுகிறார். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடினேன், மாட்டாமலும் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடி முழுவதும் பானெட்டுக்குள் இருந்தது, மாடியில் காயும் துணியின் நிறம் தெரிந்தது, துணி அசைவது தெரிந்தது. ஓட்டும் பக்கத்துக் கதவருகே போனேன். உள்ளேயிருந்து தாங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மரியாதைக்கு, "வாங்கண்ணா" என்றே சொல்லிவிட்டேன். யாரிடம் பேசுகிறேன் என்று மைக்ரான் திரும்பிப் பார்த்தார். அது நான்தான். எனக்கு வயதானால் இந்த முகம்தான் வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்களிடம் கொஞ்சம் கவனமாக நடந்திருப்பேன்.

இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "கறுப்பாத்தான் இருக்கு. முன்னயும் கறுப்புதானே?" என்று உள்ளே போய்விட்டாள். மைக்ரானோ செய்தவர், அவர் பாராட்டுவது கணக்கில் வராது. இதைப் பார்த்து வாயடைத்து நிற்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து தாங்கள் ஒருவர்தான்.

ஆகையால் என் பாதியை நான் தருவதாக இல்லை. தங்கள் பாதியையும் இப்போதைக்கு அனுப்ப இயலாது. எது தங்கள் பாதி என்று கேட்டால் என்னால் காட்டவும் முடியாது. போனில் தீர்கிற விஷயமில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய வேண்டாம், நேரில் வந்து சண்டை போடுங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். காலையில் வந்தால் நல்லது, வெயில் ஏறுவதற்குள் கூரையைப் பார்த்துவிட வேண்டும்.

பேருந்திலேயே வந்துவிடுங்கள். அழைத்துப் போக நிறுத்தத்துக்கு நான் வண்டி எடுத்து வர முடியாது. வெளியே ஒரே தூசி.